தலைவரின் ரத்தம் தாராவிக்குப் போய் வந்தது

பணி ஓய்வு பெற்றவர்களை என்ன செய்வது என்று ஆய்வு நிறுவனங்களுக்குத் தெரிவதில்லை. ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம், அப்புறம் "புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்களேன்" என்று ஒரு வேண்டுகோள். முப்பது வருடம் நான் வாயைத் திறந்தபோதெல்லாம் "அப்புறம் பேசலாம் எஸ்தர்" என்றவர்கள்தான் இதைக் கேட்கிறார்கள். சரி, அப்புறம் வந்துவிட்டது. பேசுகிறேன்.

மும்பை ஆய்வகங்களில் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளே, உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது, அம்மாவைப் படிக்கச் சொல்லிக் கேட்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். நல்லதுதான். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று அம்மாவுக்கும் தெரியட்டும். பிப்பெட் பிடிப்பது எப்படி, செல்களைப் பிரிப்பது எப்படி என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்குக் காணொளிகள் இருக்கின்றன. நன்றாகப் படித்த நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு தப்பை மூன்று வருடம் எப்படிக் கட்டிக் காப்பாற்றினோம் என்பதைச் சொல்கிறேன். அதற்கு இன்னும் காணொளி வரவில்லை.

எங்கள் வேலை இதுதான். ஹெபடைடிஸ் பி வைரஸ் சிலருடைய கல்லீரலில் குடியேறினால் வருடக்கணக்கில் போகாது. அதை எதிர்க்க உடம்பில் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் இருக்கின்றன. அவை குறுகிய சண்டைக்குத் தயாரானவை. எதிரி பத்து வருடம் வீட்டை விட்டுப் போகவில்லை என்றால் அவை மெல்ல மெல்லச் செயலிழக்கும். சாகாது, வேலையும் செய்யாது. அரசு அலுவலகத்துக்கு ஒருமுறையாவது போய் வந்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. அந்தச் செல்களுக்குள் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா மங்கிப்போகிறதா, சர்க்கரையை எரிக்கும் வேலை தடுமாறுகிறதா என்பதை அளப்பதுதான் எங்கள் ஆய்வு.

நோயாளிகளின் ரத்தம் தாராவி, குர்லா, செம்பூர் ஆகிய மூன்று இடங்களில் இருந்த சிகிச்சை மையங்களிலிருந்து வரும். காலையில் எங்கள் வண்டி ஐஸ் வைத்த பெட்டியோடு கிளம்பி, முதலில் தாராவி, பிறகு குர்லா, பிறகு செம்பூர் என்று சுற்றிவிட்டு மதியம் ஒரு மணிக்குத் திரும்பும். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டுமல்லவா? அதற்கு நாங்களே இருந்தோம். வண்டி வருவதற்குக் கால்மணி நேரம் முன்பு ஏ.சி. அறையில் சாய்ந்து உட்கார்ந்து, பிஸ்கட் தின்றபடி கையை நீட்டுவோம். வண்டியையும் பிஸ்கட்டையும் சேர்த்துப் படித்தவுடன் உங்களுக்குச் சுருக்கென்றிருந்தால் நீங்கள் எங்களைவிடப் புத்திசாலி. எங்களுக்கு மூன்று வருடம் சுருக்கென்று ஆகவில்லை.

முடிவுகள் அற்புதமாக வந்தன. செல்களின் ஆற்றலைக் காட்டும் வரைபடத்தில் எங்கள் புள்ளிகள் மேலே, நோயாளிகளின் புள்ளிகள் கீழே, நடுவில் ஆட்டோ ஓட்டலாம் போல இடைவெளி. அவ்வளவு அழகான வரைபடம் கிடைத்தால் முதலில் பயப்பட வேண்டும். நான் அதை லேமினேட் செய்து சுவரில் மாட்டினேன்.

எங்கள் துறைத் தலைவர் தாராவியை ஒட்டிய மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். பெயர் வேண்டாம், வழக்குப் போடத் தெரிந்த மனிதர். கெட்டவர் இல்லை. அவருக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. நோயில்லாதவர்களின் புள்ளிகளில் ஆக உயரத்தில் இருந்தது அவருடைய புள்ளி. வருகிற விருந்தாளிகளிடம் அதைத் தொட்டுக்காட்டி, "இது யார்னு சொல்லுங்கோ பாப்போம்?" என்பார். அந்த வரைபடத்தின் பலத்தில் அடுத்த கட்டத்துக்கும் திட்டம் தயாரானது. நோயாளிகளின் செல்களுக்கு ஆற்றல் கொடுக்கும் என்று சொல்லப்பட்ட ஒரு மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பது. ஒப்புதல் தரும் குழு வரப்போகிறது என்று நாளும் குறித்தாகிவிட்டது.

அந்த நாட்களில் மாதம் ஒருமுறை நான் தாராவி மையத்துக்குப் போய் ரத்தம் கொடுப்பவர்களைப் பார்ப்பேன். அங்கேதான் காதர் பாயைத் தெரியும். ஐம்பது வயதுக்கு மேல். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தாராவியில் சொந்தமாகத் தோல் பை தைக்கும் பட்டறை. மூன்று வருடமாக ஒரு தவணை தவறாமல் வந்து ரத்தம் கொடுத்தவர். ஒருநாள் சட்டைக் கையை இறக்கிவிட்டபடி கேட்டார்.

"டாக்டரம்மா, மூணு வருசமா எடுக்கீய. உள்ள என்னதான் இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லலியே?"

அவருடைய டாக்டர் வேறு. நான் ஆராய்ச்சிப் பட்டம் மட்டும் வாங்கிய டாக்டர். "இது எல்லோரையும் சேர்த்துப் பார்க்கிற ஆய்வு, உங்கள் ஒருவரைப் பற்றி இதில் எதுவும் சொல்ல முடியாது" என்பதுதான் சரியான பதில். விதிமுறைப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அதை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். ஆனால் அன்றைக்கு எனக்குப் பாமரருக்கும் புரியும்படி அறிவியல் சொல்லும் ஆசை வந்துவிட்டது.

"உங்க உடம்புல வைரஸோட சண்டை போடற செல்லு எல்லாம் களைச்சுப் போச்சு பாய். பேட்டரி இறங்கின மாதிரி. சர்க்கரையை எரிச்சு சக்தி எடுக்க முடியல."

"எறங்கிட்டுதா?"

"கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். இத்தனை வருஷமாச்சே."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். எவ்வளவு எளிமையாகச் சொன்னோம் என்று அன்று மாலை எனக்கே என்மேல் மரியாதை பெருகியது.

மூன்று மாதம் கழித்துத் தாராவி மையத்தின் டாக்டர் தொலைபேசியில் அழைத்தார். வணக்கம் கிணக்கம் எதுவும் இல்லை.

"உங்கள் ஆய்வில் குளுக்கோஸ் பவுடர் கொடுக்கிறீர்களா?"

"இல்லையே. ஏன்?"

"காதர் பாய் காலையும் மாலையும் டம்ளர் டம்ளராகக் கரைத்துக் குடிக்கிறார். உடம்பில் சக்தி இல்லை, செல்லுக்குச் சர்க்கரை போகவில்லை என்று யாரோ பெரிய டாக்டரம்மா சொன்னாளாம். கல்லீரல் மூன்று மாதத்துக்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது, நன்றாக. ரத்தத்தில் சர்க்கரைதான் ஏறிக்கொண்டு போகிறது. பட்டறைச் சாவியை மச்சானிடம் கொடுத்துவிட்டு வீட்டில் படுத்திருக்கிறார். அந்தப் பெரிய டாக்டரம்மா யார் என்று உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். வேறென்ன சொல்ல?

மையத்து டாக்டர் பவுடரை நிறுத்தச் சொன்னார். காதர் பாய் நிறுத்தவில்லை. சொன்னவளே வந்து நிறுத்தச் சொல்லட்டும் என்று, விலாசம் கேட்டு நேராக எங்கள் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். குழு வருவதற்குப் பத்து நாள் இருந்தது. அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறி வந்தவருக்கு மூச்சு வாங்கவில்லை. செல்களின் ஆற்றலை அளக்கச் சம்பளம் வாங்கிய நான் அதைக் கவனிக்கவில்லை.

ஏ.சி. அறைக்கு வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னேன். உள்ளே தலைவர் கையை நீட்டிக்கொண்டிருந்தார். ரம்யா ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். ரம்யா எங்கள் ஆராய்ச்சி மாணவி. அம்பர்நாத்தில் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவரின் மகள். அந்த வரைபடம்தான் அவளுடைய ஆய்வேடு முழுக்க. இன்னும் நான்கு மாதத்தில் பட்டம். அவள் எடுத்த ரத்தக் குழாய் உடனே அடுத்த அறைக்குப் போனது. தலைவர் பிஸ்கட்டைத் தின்றுகொண்டே வெளியே போனார். சரியாக அந்த நேரத்தில் வண்டி வந்தது. பெட்டியைத் திறந்தார்கள். ஐஸ் பாதி உருகி, குழாய்கள் தண்ணீரில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. காதர் பாய் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"இது எங்கன இருந்து வருது?"

"மூணு இடத்துல இருந்து பாய். மேல இருக்கறது உங்க மையத்தோடது. காலைல எட்டு மணிக்கு எடுத்தது."

"இப்ப மணி ஒண்ணாவுது."

"ஆமா, குர்லா, செம்பூர் எல்லாம் சுத்திட்டு வரணும்ல."

"அந்தச் சாருக்கு இப்பத்தான எடுத்தீய?"

"ஆமா."

"அவுக ரத்தம் பெட்டியில போவாதா?"

"அது எதுக்கு பாய்? இங்கயே இருக்காரு, இங்கயே..." என்று தொடங்கினேன்.

காதர் பாய் விடவில்லை. "நான் பை தைக்கவன். எந்தத் தையல் உறுதின்னு பாக்கணும்னா ரெண்டு பையிலயும் ஒரே பாரத்த ஏத்தித்தான் தூக்குவேன். எங்க ரத்தத்த மட்டும் அஞ்சு மணி நேரம் ஐஸ்ல போட்டு வண்டியில குலுக்கிட்டு, களைச்சுப் போச்சுன்னு சொல்லுதீயளே, அது எப்படிம்மா?"

ரத்தம் குழாய்க்குள் போனபிறகும் சிவப்பணுக்கள் அங்கே இருக்கிற சர்க்கரையைத் தின்றுகொண்டேதான் இருக்கும். குளிர் டி செல்களை மந்தமாக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? பாடமாகவே நடத்தியிருக்கிறேன். பெட்டிக்குள் செல்களுக்கு என்ன ஆகிறது என்று மட்டும் மூன்று வருடத்தில் ஒருமுறைகூட நினைக்கவில்லை. ஏனென்றால் பெட்டி தந்த முடிவு எனக்குப் பிடித்த முடிவு.

அவரிடம், "பவுடரை இன்னியோட நிறுத்துங்க பாய். நான் சொன்னது தப்பா இருக்கலாம். பாத்துட்டு நானே வந்து சொல்றேன்" என்றேன். போகும்முன் கையை நீட்டச் சொல்லி, தலைவர் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் வைத்து ரத்தம் எடுத்தோம். பிஸ்கட் கொடுக்கவில்லை, சர்க்கரையை நினைத்து. அந்தக் குழாயும் நேராக அடுத்த அறைக்குப் போனது. மறுநாள் முடிவு வந்தது. காதர் பாயின் புள்ளி எங்கள் கூட்டத்தின் நடுவில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

ரம்யாதான் முதலில் வாய் திறந்தாள். "மேடம், ஒரு சாம்பிள்தானே? ஒண்ணை வச்சு ஏன் டென்ஷன்?" கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "பெட்டியில ஏதோ லஃப்டா, கோளாறுன்னு சொன்னா என் தீசிஸ் பூரா காலி. அப்பா ஊர் பூரா சொல்லிட்டாரு, நாலு மாசத்துல டாக்டர்னு."

தலைவரிடம் போனேன். கேட்டதும் சிரித்தார்.

"என்ன எஸ்தர், பை தைக்கறவர் சொன்னார்னு மூணு வருஷ வேலையைக் கலைக்கச் சொல்றேளா? உலகம் பூரா லேப்ல இருக்கறவா ரத்தத்தைத்தான் எடுக்கறா."

"உலகம் பூரா இந்தப் பெட்டி போறதில்லையே சார்."

"சரி, உங்க சந்தேகத்தைத் தீத்துடுவோம். என் ரத்தத்தையே போடுங்கோ பெட்டில. சுத்திட்டு வரட்டும். என் செல்லுக்கு ஒண்ணும் ஆகாது, பாருங்கோ."

தன் ரத்தத்தின் மேல் ஒரு மனிதருக்கு இருந்த நம்பிக்கையால் அறிவியல் பிழைத்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு எங்கள் ஏழு பேரிடமும் இரண்டிரண்டு குழாய் ரத்தம் எடுத்தோம். ஒன்றிலிருந்து செல்களை உடனே பிரித்தோம். மற்றதைப் பெட்டியில் வைத்து வண்டியில் ஏற்றினோம். தலைவர் தாராவிக்குள் ஒருமுறையும் கால் வைத்ததில்லை. அவர் ரத்தம் அன்று தாராவி, குர்லா, செம்பூர் எல்லாம் பார்த்துவிட்டு ஒரு மணிக்குத் திரும்பியது. எந்தக் குழாய் யாருடையது என்று தெரியாதபடி ரம்யா எண் மட்டும் ஒட்டி, பட்டியலை உறையில் வைத்து ஒட்டிவிட்டாள். அவளுக்கே எதிரான சோதனையை அவள் அவ்வளவு ஒழுங்காகச் செய்தாள். அன்றைக்கு நான் பார்த்த ஒரே நேர்மை அதுதான்.

முடிவுகள் திரையில் வந்தபோது நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். பயணம் போன ஏழு குழாயும் வரைபடத்தின் கீழ்ப்பக்கம், நோயாளிகளின் புள்ளிகளோடு தோள் சேர்ந்து கிடந்தன. அதில் பதினோராம் எண் எல்லாவற்றுக்கும் கீழே.

"இது யாரு, செத்தே போன மாதிரி இருக்கு?" என்றேன்.

ரம்யா உறையைக் கிழித்துப் பட்டியலைப் பார்த்தாள். "சாரோடது, மேடம்" என்றாள். பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நான் போய்த் தேநீர் வாங்கி வந்தேன். அத்தனை வருட அனுபவத்தில் அந்த இடத்தில் எனக்குச் செய்யத் தெரிந்தது அவ்வளவுதான்.

தலைவர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். "அன்னிக்கு நான் காலைல ஒண்ணும் சாப்பிடலையோ?" என்றார்.

"உடனே பிரிச்ச உங்க குழாய் வழக்கம்போல மேலதான் சார் இருக்கு. ஒரே கை, ஒரே ஊசி."

அவர் கதவைச் சாத்தினார். "இது வெளில யாருக்குத் தெரியும்?"

"ரம்யாவுக்கு. எனக்கு. காதர் பாய்க்கு."

"யார் அது?"

"நம்ம ஆய்வுல பதினாலாம் நம்பர் சார்."

அவர் நிதானமாகப் பேசினார். குழு வந்து போகட்டும், ஒப்புதல் கிடைக்கட்டும், பிறகு சத்தமில்லாமல் பெட்டியைச் சரிசெய்து எல்லாவற்றையும் மறுபடி அளக்கலாம் என்றார். ரம்யாவின் பட்டமும் தப்பிக்கும், யாருக்கும் நஷ்டமில்லை. தப்பு செய்யச் சொல்பவர்கள் யாரும் தப்பு செய் என்று சொல்லமாட்டார்கள். கொஞ்சம் தள்ளிப்போடு என்பார்கள். இதை மட்டும் வேண்டுமானால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் உடனே வீரமாக மறுத்தேன் என்று எழுத ஆசைதான். மறுக்கவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று வெளியே வந்தேன். செம்பூரில் வீடு போய்ச் சேரும்வரை அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. ரம்யாவுக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கும் அந்த ஆய்வில் பெயர் இருக்கிறது என்பதை நினைவுபடுத்திக்கொள்ளவில்லை. சமையலறையில் டீயில் சர்க்கரை போடப்போனபோதுதான் கை நின்றது. நான் வாய்தவறிச் சொன்ன ஒரு வாக்கியத்துக்கே ஒரு மனிதர் மூன்று மாதம் குளுக்கோஸ் குடித்துப் படுத்துக்கிடந்தார். குழு முத்திரை குத்தி மாத்திரையைக் கையில் கொடுத்தால் எத்தனை பேர் என்னென்ன செய்வார்கள்? இல்லாத களைப்புக்கு மருந்து. அதையும் அவர்கள் ஒரு தவணை தவறாமல் சாப்பிடுவார்கள்.

மறுநாள் தலைவரிடம் சொன்னேன்: "நீங்க சொல்லலைன்னா குழு முன்னாடி நான் எழுந்து சொல்வேன் சார்." "உங்களுக்கு ரிடையர் ஆக இன்னும் வருஷம் இருக்கு, எஸ்தர்" என்றார். மிரட்டலா, அக்கறையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

குழு வந்தது. தலைவர் எழுந்து, எங்கள் துறையின் கறாரான சுயபரிசோதனையில் ஒரு முக்கியமான குறைபாட்டைத் தாமே முன்னின்று, தம் சொந்த ரத்தத்தையே பரிசோதனைக்குத் தந்து கண்டுபிடித்ததாகவும், அதனால் மாத்திரைத் திட்டத்தைத் திரும்பப் பெறுவதாகவும் அறிவித்தார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மாத்திரை நின்றது, அது போதும். பெருமையைப் பெரியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், அவர்களுக்குத்தான் அதை மாட்ட அறையில் சுவர் இருக்கிறது.

எல்லாவற்றையும் முதலிலிருந்து அளந்தோம். எல்லோருடைய ரத்தமும் ஒரே பெட்டியில், ஐஸ் இல்லாமல், ஒரே நேரம் பயணம் செய்து வந்தது. ஆட்டோ ஓட்டிய இடைவெளி மூடிக்கொண்டது. வைரஸை அடையாளம் காணும் செல்கள் என்று ரத்தத்தில் மிகமிகக் கொஞ்சம் உண்டு. அவற்றில் மட்டும் மைட்டோகாண்ட்ரியா உண்மையிலேயே மங்கலாக இருந்தது. சின்ன வித்தியாசம், ஆனால் யார் அளந்தாலும் வந்தது. ரம்யாவின் பட்டம் ஒன்றரை வருடம் தள்ளிப்போனது. அதில் நான்கு மாதம் அவள் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. ஐந்தாவது மாதம் டப்பாவைத் திறந்து என் முன்னால் வைத்தாள். மீன் குழம்பு நன்றாக இருந்தது.

ஆனால் குழு வந்து போன வாரமே நான் செய்யவேண்டிய வேலை ஒன்று இருந்தது. தாராவிக்குப் போனேன். பட்டறையில் மச்சான் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். காதர் பாய் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து தைத்த பைகளின் நூலைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். அவர் மெஷின்மேல் துணி போர்த்தியிருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டிதான் காரணம், உங்களுக்குச் சொன்னது தப்பு, உங்கள் செல்கள் பெரும்பாலும் எங்கள் செல்கள் மாதிரியேதான் இருக்கின்றன என்றேன். நன்றி சொல்வார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"அப்பம் மூணு மாசம் நான் எதுக்கும்மா படுத்துக் கெடந்தேன்?"

தரையில் கிடந்த நூல் துண்டுகளைப் பார்த்தேன்.

"எம்மவ பரீட்சைக்குப் போவாம எனக்குக் கஞ்சி வச்சுட்டு இருந்தா. வாப்பாவுக்குப் பேட்டரி எறங்கிட்டுன்னு. அவகிட்ட யாரு சொல்லுவா? நீங்க சொல்லுதீயளா?"

"சொல்றேன் பாய்."

சொன்னேன். வீடு பட்டறைக்கு மேலேயே இருந்தது. பதினெட்டு வயதுப் பெண், நான் பேசி முடிக்கும்வரை நின்றுகொண்டே கேட்டாள். பிறகு உள்ளே போய்விட்டாள். முப்பது வருடத்தில் எத்தனையோ குழுக்கள் என்னைக் கேள்வி கேட்டிருக்கின்றன. அந்த வாசலில் நின்றதைப்போல எங்கும் நின்றதில்லை.

அடுத்த மாதம் மையத்துக்குப் போனபோது காதர் பாய் வரிசையில் இருந்தார். வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். சட்டைக் கையை மடித்துக் கையை மேசைமேல் வைத்தார்.

"எடுங்க" என்றார். "எவ்வளவு வேணுமோ எடுத்துக்கிடுங்க. ஆனா என்கிட்ட ஒண்ணும் வெளக்கிச் சொல்லாதீய."